பாதி வழித்த பயற்றுப் பாத்தி

எங்கள் ஊரில் ஒரு பெண் எப்படிப்பட்டவள் என்று அறிய அவளிடம் பேசிப் பார்க்க வேண்டியதில்லை. அவள் வீட்டு முற்றத்தைப் பார்த்தால் போதும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நாலு சருகு கிடந்தால் அவள் சோம்பேறி. கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தால் வளர்ப்பு சரியில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்று அர்த்தம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சிவந்த மண் தெரிய வழித்தெடுத்த முற்றங்கள், மண்ணின்மேல் ஈர்க்குவாரியல் என்கிற துடைப்பத்தின் கோடுகள், மூலையில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு குவியல். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பலா இலை, அயனி இலை, மா இலை, ஜனவரியில் மொத்தமாகக் கொட்டுகிற ரப்பர் இலை எல்லாம் அந்த நெருப்புக்குத்தான் போகும்.

அந்தப் புகையைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். இதை வெளியில் சொன்னால், பெருக்கச் சோம்பல்பட்டவள் பேசுகிற பேச்சு என்பார்கள். சொல்லட்டும்.

நான் விலங்கியல் படித்தவள். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். "இந்த வயசிலயா?" என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. என் ஆய்வு மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்களைப் பற்றியது. பயறு விதைத்த நிலத்தில் ஒரு பாதியைச் சருகாலும் சீமைக்கொன்றைத் தழையாலும் மூடுவேன். மறுபாதியை வெறும் மண்ணாக விடுவேன். மூடுவதற்கு மூடாக்கு என்று பெயர். பிறகு இரண்டு பாதியிலும் என்னென்ன உயிர்கள், எத்தனை வகை என்று பார்ப்பேன். விஷயம் அவ்வளவுதான். இதை மூன்று இடங்களில் செய்தேன். ஒன்று கோட்டுகாலில், ஒன்று பூவாரில் ஆற்றுமணல் கலந்த மண்ணில், மூன்றாவது என் வீட்டு முன்னால், வாசலுக்கு வருகிற பாதையை ஒட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆய்வேடு நிற்காது என்று என் வழிகாட்டி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பதிவுக் காலமும் முடியப் போகிறது. எனக்கு மிச்சம் இருந்த நேரத்தில் ஒரு தடவை தவறினால் இன்னொரு விளைச்சல் எடுக்கலாம், அதற்குமேல் இடமில்லை.

வீட்டுப் பாத்திதான் மூன்றிலும் எனக்குப் பிரியமானது. நடு மத்தியானம் வெறும் பாதியில் கை வைத்தால் சுடும். மூடிய பாதியில் சருகைக் கொஞ்சம் விலக்கி விரலை நுழைத்தால், மண்பானையைத் தொட்டது போல் குளிர்ச்சி. விலக்கின இடத்தில் ஒரே அமளி. கடுகைவிடச் சிறிய பூச்சிகள் வாலைச் சுண்டிக்கொண்டு தெறிக்கும். தொட்டதும் உருண்டு குண்டுமணியாகிவிடும் ஒன்று. வாலில் இடுக்கி வைத்திருக்கும் ஒன்று. முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஓடுகிற சிலந்தி. இலையைத் தின்று மண்ணாக்குகிற மரவட்டை, அதையெல்லாம் வேட்டையாட வருகிற கறுத்த தரைவண்டு. மண்ணை ஒரு டப்பா அள்ளிவந்து, சல்லடை வைத்த புனலில் போட்டு, மேலே பல்பைத் தொங்கவிடுவேன். சூட்டுக்குப் பயந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, புனல் வழியாகக் குப்பிக்குள் விழும். வெறும் பாதியின் மண்ணைப் போட்டால் பெரும்பாலும் எறும்புதான் விழும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அக்கா என்றால் உறவு இல்லை, வயதுக்கு மரியாதை. நல்ல மனுஷி. நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் கஞ்சியும் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து தந்தவர். ஆனால் அவர் முற்றம் இந்த வட்டாரத்துக்கே அளவுகோல். அவர் வீட்டு ஓரத்திலும் பயறு உண்டு. தண்டைச் சுற்றிக்கூட ஒரு துரும்பு கிடக்காமல் வழித்து, காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டு வளர்ப்பார். என் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சருகைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். ஒருநாள் மட்டும் கேட்டுவிட்டார்.

"பிள்ளே, பாம்பு வந்து கிடந்தா அறிவியா?"

"இது ஆராய்ச்சிக்காக்கும் அக்கா."

"ஆராய்ச்சி செய்யதுண்ணா சுத்தமாட்டு செய்யப்பிடாதா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

அந்த மாதம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை என்று என் கணவர் சபையில் ஒத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. மாதம் ஒரு வீடு, சாயங்காலம் போதகர் வருவார், பாட்டு, ஜெபம், பிறகு சாயாவும் பலகாரமும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மத்தியானமே வந்து வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். கூப்பிட வேண்டாம், அது எங்கள் சபை வழக்கம். நல்ல வழக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் என் கடைசி மாதிரி எடுக்கிற நாள். பயறு காய்த்து முற்றும் தருணம். இரண்டு பாதியிலும் பிளாஸ்டிக் கப்புகளை விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்து, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். இரவில் நடமாடுகிறவை அதில் விழும். மத்தியானம் கல்லூரியில் வகுப்பு. புறப்படும்போது கணவரிடம் சொன்னேன்.

"கேட்டியளா, பயறு பக்கம் ஒருத்தரும் போகப்பிடாது. எல்லாருட்டயும் சொல்லணும்."

"செரி செரி" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்திலிருந்தே புகை தெரிந்தது. அது எங்கள் வீட்டுப் பக்கம்தான் என்று வளைவு திரும்பும் முன்பே எனக்கு உறைத்துவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது தாண்டிய ஒரு டீச்சர் தெருவில் ஓடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நினைக்கவே இல்லை.

முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, நாற்காலி போட்டு, பாய் விரித்தாகிவிட்டது. பயற்றுப் பாத்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சிவப்பு. வாரியல் கோடு அழகாக விழுந்திருந்தது. நடுவில் பயற்றஞ்செடிகள் குளித்துத் தலைவாரின பிள்ளைகள் மாதிரி நின்றன. மூலையில் என் மூடாக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சந்தோஷப்படுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் முடிச்சாச்சு மக்கா" என்றார் அக்கா. "நீ பாதி வழிச்சு வச்சிருந்தியே, மிச்சத்துக்கு நேரம் கிட்டாம போச்சாக்கும்ணு நெனச்சோம். பாவம், ஒத்தையில நீ எத்தறதான் செய்வ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒரு பாதி சுத்தமாக வழித்திருக்கிறது, மறுபாதி சருகாகக் கிடக்கிறது. இதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: வேலையைத் தொடங்கினவளுக்கு முடிக்க நேரம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட பாதிதான் என் மூடாக்கைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. முழுப் பாத்தியும் சருகாக இருந்திருந்தால் ஒருவேளை தொட யோசித்திருப்பார்கள்.

"கப்பு எங்க?" என்று கேட்டேன்.

"அதையும் தோண்டி எடுத்தாச்சு. வெள்ளம் கெட்டிக் கிடந்து பிள்ளே! டெங்கு வருமாக்கும். சுகாதாரத்துக்காரி பாத்தா விடுவாளா?"

"அக்கா, நான் மாசக்கணக்கா பாத்துப் பாத்து வச்சதை நீங்க தீ வச்சிட்டியளே!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "உங்களுட்ட யாரு கேட்டா? எனக்க வீட்டுப் பயறு, எனக்க சருகு. கேக்காம தொட உங்களுக்கு எப்பிடி மனசு வந்து?"

ஒரு பெண் வாரியலை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தாள். அக்காவின் முகம் சிறுத்துப் போனது. "நாங்க நல்லதுக்குத்தானே செய்தோம்" என்றார். அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கெட்டது செய்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். நல்லது செய்தவர்களிடம் என்ன செய்வது? கணவரைத் தேடினேன். அவர் சாயாவுக்குப் பால் வாங்கப் போயிருந்தார். அவருக்கு எப்போதுமே நல்ல நேரம்.

கூட்டம் நடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நானும் பாயில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடியும் முன்பே அவை வர ஆரம்பித்தன. நெருப்பில் போனவை போக, தப்பினவைக்கு ஒளிய இடம் வேண்டுமே. வழித்த மண்ணில் இடமில்லை. இருந்த ஒரே இருட்டு பாய்களுக்கு அடியில்தான். ஒரு மரவட்டை பாயின் ஓரத்தில் நிதானமாக ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. கறுப்பு வண்டு ஒன்று போதகரின் செருப்பைச் சுற்றி வந்து நின்றது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வந்த என் ஆட்களை ஒவ்வொருவராக அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பூரான் முன்வரிசைப் பெண்ணின் பாதத்தில் ஏறிவிட்டது. அவள் அலறின அலறலில் ஜெபம் பாதியில் நின்றது. ஆளாளுக்குச் செருப்பை எடுத்தார்கள்.

"பாத்தியா? எல்லாம் அந்தச் சருவுக்குள்ள கிடந்ததாக்கும். நாங்க எடுத்தது எத்தற நல்லதாப் போச்சு!" என்றார் அக்கா. அவர் முகத்தில் மறுபடி களை வந்திருந்தது.

அடி அடி என்று செருப்புச் சத்தம். குஞ்சு சுமக்கிற சிலந்தியும் அதில் போனது. நான் பார்த்தேன். நசுங்கின தாயைவிட்டுக் குஞ்சுகள் பாய் முழுக்கச் சிதறின. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த போதகர், முடிவு ஜெபத்தில், இந்த வீட்டுச் சகோதரிக்கு மன சமாதானத்தையும் பொறுமையையும் தரும்படி நீளமாக வேண்டிக்கொண்டார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுமை வேண்டியது எனக்கா? வாரியல் பிடித்த கைகளுக்கல்லவா கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் சிரித்தார். அதற்காக அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. சிரித்து முடித்து, "மறுபடி சருகு போட்டு, அடுத்த விளைச்சல்ல எடுங்க. அதுதான் கடைசி" என்றார். வெறும் பாதியாவது அப்படியே இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். முற்றின காயைப் பறித்து, வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுச் செடியை மேலே அறுத்து, மூடாக்குப் பாதியில் கைக்குக் கிடைத்த கொஞ்சம் சருகைப் பரப்பி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் கால் வைத்ததும் காலுக்கடியில் ஏதோ மெத்தென்றது. பயற்றுப் பாத்தி முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முழங்கால் உயரத்துக்குச் சருகு. ரப்பர் இலை, பலா இலை, தேங்காய் உரித்த தொண்டு, என்னவெல்லாமோ. பக்கத்தில் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டு அக்கா நின்றார்.

"நீ அழுதது எனக்குப் பொறுக்கல்ல பிள்ளே" என்றார். "நாலஞ்சு வீட்டிலேருந்து வாரிக் கொண்டு வந்தோம். எரிச்சதுக்கு ரெண்டு மடங்கு உண்டு. ஒரு பாதி கொறச்சலாட்டு இருந்து, அங்கயும் நல்ல கட்டியாட்டு போட்டோம். இனி நீ கோவப்படப்பிடாது."

வெறும் பாதியும் போனது.

நான் அப்படியே சருகின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தடவை மூடின பாதியை வெறுமையாக்கினார்கள், இன்னொரு தடவை வெறும் பாதியை மூடினார்கள். இரண்டும் என்மேல் உள்ள அன்பினால். கத்தத் தெம்பில்லை. அந்தப் பாதியைத் திரும்பவும் வழித்து வெறுமையாக்கலாம். ஆனால் என் கையால் அந்தச் சருகை வாரி எடுப்பதை அக்கா பார்த்தால், பிறகு இந்த வேலி இருக்கும்வரை எங்களுக்குள் பேச்சு இருக்காது. பார்க்காமல் இருப்பாரா? அவர் பார்க்காத முற்றம் இந்த ஊரில் இல்லை.

அப்படி உட்கார்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் வெறித்தபோதுதான் கண்ணில் பட்டது. அக்காவின் பயற்றுப் பாத்தி. அதே சிவப்பு மண், அதே வெயில், அதே சரிவு. ஒரு துரும்பு கிடையாது. வெறும் பாத்தி என்றால் அதைப் போல் ஒன்றை நான் எந்தக் கல்லூரித் தோட்டத்திலும் செய்ய முடியாது. வருஷக்கணக்காக இரண்டு நேரமும் வழித்த மண். வெறும் நிலத்தைத் தேடி நான் கோட்டுகாலுக்கும் பூவாருக்கும் அலைந்திருக்கிறேன், ஊர் முழுக்க அதுதான் கிடந்திருக்கிறது.

வழிகாட்டியிடம் கேட்டேன். வேலிக்கு இருபுறமும் ஒரே விதை, ஒரே நாளில் விதைப்பு என்றால் ஒத்துக்கொள்ளலாம் என்றார். அக்காவிடம் கேட்டேன்.

"எனக்க பயறுப் பாத்தியையா? ஆராய்ச்சிக்கா?" அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது. "கப்பு வச்சுக்க. வெள்ளம் மட்டும் ரொம்ப நாள் கிடக்கப்பிடாது."

ஒரே நாளில் இருவரும் விதைத்தோம். அக்கா தன் பக்கம் வழித்துக்கொண்டே இருந்தார், காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டார். என் பக்கம் நான் எப்போதாவதுதான் தண்ணீர் விட்டேன். ஊர்ப் பெண்கள் கொண்டுவந்து கொட்டின சருகு மெல்ல மெல்ல அமிழ்ந்து, கறுத்து, வாசம் மாறியது. ஆரம்பத்தில் எறும்புகள்தான் இருந்தன. பிறகு துள்ளுகிறவை வந்தன. பயறு பூக்கிற நேரத்தில் சருகை விலக்கினபோது, முதுகில் குஞ்சோடு ஒரு சிலந்தி ஓடியது. நான் தனியாக நின்று கைதட்டினேன்.

காய் முற்றினதும் இரண்டு பக்கத்துக் கப்புகளையும் எடுத்தேன். என் பக்கத்துக் கப்புகளில் உள்ளதைப் பிரித்து அடையாளம் காணவே பல நாள் பிடித்தது. அக்காவின் பாத்தியில் கப்புக்குக் கப்பு சில எறும்புகள். ஒன்றில் அதுவும் இல்லை, தெளிந்த சோப்புத் தண்ணீர் மட்டும். அக்கா அதை வாங்கி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் கப்பு ஒன்றையும் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். மண்ணை இளக்குவதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இந்த உயிர்கள்தான் என்றேன். சிலந்தியும் வண்டும் இல்லாததால் பூச்சியைத் தின்ன ஆளில்லை என்றேன். உங்கள் கொடியில் அசுவினி அப்பிக் கிடப்பதைப் பாருங்கள், நீங்கள் சுமக்கிற தண்ணீரையும் நான் விடுகிற தண்ணீரையும் பாருங்கள் என்றேன். எவ்வளவோ சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் கப்பை நான் எடுத்துக்கிடட்டா?" என்றார் கடைசியில்.

எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டேன். எண்ணியாகிவிட்டது, எனக்கு அது வேண்டாம். ஆய்வேட்டையும் பின்னால் முடித்துக் கொடுத்துவிட்டேன். அவரும் மனசில் வாங்கிக்கொண்டார் என்றுதான் நம்பினேன்.

அந்த வார ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். நடுவில் அக்கா. கையில் அந்தக் கப்பு.

"நல்லா பாருங்க, ஒரு பூச்சி உண்டா?" என்று சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் கெடையாது. எனக்க மண்ணு அத்தற சுத்தம். நான் பறஞ்சதில்ல, காலேஜ் டீச்சர் பரிசோதிச்சுக் கண்டுபிடிச்சதாக்கும். அவளுக்க பாத்தியில கிடந்ததைப் பாத்தா நீங்க சோறு திங்க மாட்டிய."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அப்பிடி இல்ல அக்கா, அந்த மண்ணு செத்துப் போச்சு, அதுக்குத்தான் ஒண்ணும் விழல்ல" என்று உரக்கவே சொன்னேன். ஒருத்தியும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் அந்தத் தெளிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒரு பெண் என் கையைத் தொட்டாள்.

"டீச்சரே, எங்க வீட்டிலயும் ஒரு கப்பு வச்சுப் பாப்பியளா? எங்களது எப்பிடி இருக்குண்ணு அறியணும்."

"எங்க வீட்டிலயும்" என்றாள் இன்னொருத்தி.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸுக்கு நடந்தபோது, வழி நெடுக வாரியல் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட அதிகமான வீடுகளில் புகை எழுந்துகொண்டிருந்தது.